பால் சோறு வைத்தும் நாய் தேறவில்லையே, ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். தெருவிலிருந்து எடுத்து வந்த பெண் நாய், வயது இரண்டு இருக்கலாம், உங்களிடம் வந்து மூன்று மாதம். எடை 11 கிலோ. தடுப்பூசி போட்ட டாக்டர், இந்த உடல்வாகுக்கு 14 கிலோவாவது இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். காலையிலும் இரவிலும் வயிறு நிறையப் பால் சோறு வைக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து கோழிக் கழிவு வாங்கி வேகவைத்துப் போடுகிறீர்கள். அப்படியும் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருக்கிறது. "இதுக்கு மேல எவ்வளவுதான் வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதுரையில் ஒன்பது வருடமாகத் தெரு நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, ஆள் பார்த்துக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிற பத்தில் எட்டு, எலும்பும் தோலுமாகத்தான் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் வைக்கும் அளவு அவ்வளவு குறைச்சலாகத் தெரியவில்லை. என்ன வைக்கிறீர்கள், வைத்தது உடம்பில் சேர்கிறதா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், நாய் உண்மையிலேயே மெலிவா என்று கையால் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், முடி அடர்த்தியான நாய் ஏமாற்றும், முடி குட்டையான நாய் பயமுறுத்தும். இடது கையை முஷ்டியாக மடக்கி, விரல் கணுக்களின் மேல் வலது கை விரலால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமும் நறுக்கென்று தெரியும். விலா அப்படி இருந்தால் மெலிவு. அதே கையை விரித்து நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு தெரியும், ஆனால் மேலே மெல்லிய போர்வை போல ஒன்று இருக்கும். விலா இப்படி இருந்தால் சரியான எடை. உள்ளங்கையைத் திருப்பித் தடவினால் எலும்பைத் தேட வேண்டியிருக்கும், அது குண்டு. கால்நடை மருத்துவர்கள் இதையே ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண்ணாகப் போடுவார்கள். 4, 5 என்றால் நல்ல உடம்பு. 3 அல்லது அதற்குக் கீழே என்றால் தேற்ற வேண்டும். விலாவோடு இடுப்பெலும்பு முனை, முதுகுத்தண்டு, தொடைச் சதை மூன்றையும் பாருங்கள். விலா மட்டும் லேசாகத் தெரிகிறது, தொடை கெட்டியாக இருக்கிறது என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். தொடை சூம்பி, முதுகெலும்புக் கணுக்கள் மணி மணியாகத் தெரிந்தால் கொழுப்போடு சதையும் கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கன்னி, சிப்பிப்பாறை நாய் வாங்கி வந்துவிட்டு, "சாப்பாடே ஒட்டவில்லை" என்று நெய்யும் கறியுமாகத் திணிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை முயல் துரத்தப் பிறந்த ஒல்லி உடம்புக்காரர்கள். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் அவற்றுக்கு அழகு. உங்கள் நாய் தெருக் கலப்பு. மூன்று கிலோ குறைவு என்று டாக்டரே சொல்லிவிட்டதால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

சரி, அடுத்தது வயிற்றுப் பூச்சி. தெருவிலிருந்து வந்த நாய்க்குப் பூச்சி இருக்கிறதா என்று நான் கேட்பதே இல்லை, எத்தனை வகை என்றுதான் கேட்பேன். கொக்கிப்புழு, உருண்டைப்புழு இரண்டும் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். கொக்கிப்புழு குடல் சுவரில் தொங்கி ரத்தம் குடிக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறி இருக்கும், மலம் கறுத்துப் போகும். நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாக வரும். வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றி, காய்ந்த அரிசி போல ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக விழுந்தது வெள்ளரி விதை மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் நெளியும். ஒரு முறை அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஊசி போட்ட அன்றே ஒரு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். முடியாது. அன்று குடலில் இருந்த பெரிய புழு சாகும். உடம்பின் வேறு இடங்களில் ஒளிந்திருந்த இளம்புழு அப்புறம் குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். உருண்டைப்புழுவுக்கான மருந்து எல்லாம் நாடாப்புழுவைக் கொல்லாது என்பதும் தெரிந்திருக்கட்டும். காலையில் போட்ட மலத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தப் புழு, எந்த மருந்து, எடைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வீட்டில் குழந்தை மண்ணில் விளையாடும் என்றால் நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறும் காலின் தோல் வழியாக மனிதருக்குள்ளும் புகும்.

அதே தடவையில் ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நம் ஊர் வெயிலில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. உண்ணிக் காய்ச்சல் சில நாய்களில் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடக்கும். வெளியே தெரிவது மெலிவும் சோர்வும்தான். அது இருந்தால் நீங்கள் என்ன ஊட்டினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. செலவு யோசனையாக இருந்தால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் ஆரம்பியுங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று, அபூர்வம்தான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. பேய்ப் பசியாகச் சாப்பிடுகிறது, போடுகிற மலம் மலை மாதிரி, வெளிறி, பிசுபிசுப்பாக, நாற்றம் தாங்கவில்லை, உடம்போ நாளுக்கு நாள் கரைகிறது என்றால், கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. உணவோடு நொதித் தூள் கலந்து கொடுத்தால் நன்றாகவே வாழும். அதே போல, தண்ணீர் அளவுக்கு மீறிக் குடித்து மெலிந்தால் சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகம். சாப்பிடப் போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் பாலை நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும். வயிறு பொருமும், மலம் இளகும். தினம் இரண்டு வேளை இளகிப் போகிற நாய் எப்படித் தேறும்? உங்கள் நாய் "எப்போதும் கொஞ்சம் லூசாகத்தான் போகும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு 400 கிராம் சோறும் கால் லிட்டர் பாலும் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. சோறும் பாலுமாக 680 கலோரி வருகிறது, மோசமில்லை. ஆனால் புரதம்? சோற்றில் 10 கிராம், பாலில் 8 கிராம், மொத்தம் 18. இந்த அளவு நாய்க்குக் குறைந்தபட்சமே 36 கிராம் வேண்டும். சதை போட வேண்டிய நாய்க்கு அதற்கு மேல். குறைந்தபட்சத்திலேயே பாதிதான் எட்டுகிறது. வயிறு நிறைகிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது.

எவ்வளவு கலோரி தேவை என்பதற்கு மருத்துவர்கள் போடும் கணக்கை நீங்களே செல்போனில் போடலாம். சேர வேண்டிய எடையை மூன்று தடவை பெருக்குங்கள்: 14 × 14 × 14, அதாவது 2744. அதற்கு வர்க்கமூலம் 52.4. அதற்கு மறுபடி வர்க்கமூலம் 7.24. அதை 70ஆல் பெருக்கினால் 507. சும்மா படுத்துக் கிடக்கவே இவ்வளவு கலோரி வேண்டும். நடந்து ஓடித் திரிகிற, கருத்தடை செய்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும், 810 வரும். கருத்தடை செய்யாதது என்றால் 1.8ஆல் பெருக்க 910. இது தொடக்கப் புள்ளிதான், வேதவாக்கு அல்ல. இரண்டு வாரம் வைத்துப் பார்த்து எடை ஏறவில்லை என்றால் பத்து சதவீதம் கூட்டுங்கள்.

இந்த 810ஐத் தட்டில் எப்படிக் கொண்டுவருவது? என் வீட்டில் இந்த அளவு நாய்க்கு நான் வைப்பதைச் சொல்கிறேன். குழைய வேகவைத்த சோறு 250 கிராம். தோலும் எலும்பும் நீக்கிய கோழித் தொடைக்கறி, வெந்த பிறகு 200 கிராம். வேகவைத்த முட்டை ஒன்று. வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கைப்பிடி. ஒரு டீஸ்பூன் எண்ணெய், எந்தச் சமையல் எண்ணெயும் சரி. மொத்தம் 820 பக்கம் வரும், புரதம் 60 கிராமைத் தாண்டும். உப்பு ஒரு சிட்டிகை போதும், மஞ்சள் போட்டால் பாதகமில்லை. இதை மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். ஒரே வேளையில் வயிறு முட்ட வைப்பதைவிட மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் நன்றாகச் செரிக்கும்.

தினம் கோழிக்கறி கட்டுப்படி ஆகாது என்றால் முட்டையைக் கூட்டிக் கறியைக் குறையுங்கள். நூறு கிராம் கறியின் இடத்தில் இரண்டரை முட்டை கலோரிக்குச் சரிவரும். புரதம் சற்றுக் குறையும், ஆனாலும் போதும். பச்சை முட்டை வேண்டாம், வேகவைத்தே போடுங்கள். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் குடல் நீக்கி, குக்கரில் நாலைந்து விசில் கூடுதலாக விடுங்கள். முள் விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வந்துவிடும். என் நாய்களுக்கு அந்த வாசனை வந்தாலே அடுப்படி வாசலில் வரிசை கட்டும். கல்லீரல் நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். வாரம் இரண்டு நாள், ஒரு சின்னத் துண்டு போதும்.

கோழிக் கழிவு பற்றி: தோலும் கொழுப்பும் கழுத்தெலும்பும்தான் அதில் பாதி. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். வாரம் முழுக்கப் பால் சோறு தின்ற வயிற்றில் ஞாயிற்றுக்கிழமை திடீரென்று அவ்வளவு கொழுப்பு இறங்கினால் கணைய அழற்சி வரை போகலாம். எடை ஏற்றக் கொழுப்பு உதவும், மறுக்கவில்லை. கால் டீஸ்பூனில் ஆரம்பித்து மலம் கெட்டியாகவே இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

கறியும் சோறும் மட்டும் வைக்கிற வீடுகளில் எல்லாரும் மறப்பது சுண்ணாம்புச் சத்து. எலும்பு போடாவிட்டால் அது வேறு வழியில் வந்தாக வேண்டும். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்து, மிக்ஸியில் நைஸாகப் பொடியுங்கள். ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன். கரகரவென்று இருந்தால் மறுபடி அரையுங்கள், பவுடர் மாதிரி ஆக வேண்டும். ஆறேழு மாதக் குட்டி என்றால் இந்தக் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள். வளரும் எலும்புக்கு அளவு பிசகினால் கால் வளைந்துவிடும். குட்டிக்குக் கடையில் விற்கும் குட்டி உணவே பாதுகாப்பு. நீண்ட நாள் வீட்டுச் சாப்பாடே வைக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் நாய்க்கும் தாது, வைட்டமின் பவுடர் எது என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கடை உணவு உங்களுக்கும் ஒரு வழிதான். நாய்க்குட்டிகளுக்கான உலர் உணவில் கலோரியும் புரதமும் கூடுதல் என்பதால் மெலிந்த பெரிய நாய்க்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு வைக்கலாம். நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று பையின் பின்னால் போட்டிருக்கும். பெரும்பாலும் 350 முதல் 400. காலையில் அது, மற்ற இரண்டு வேளை வீட்டுச் சாப்பாடு என்று பல பேர் செய்கிறார்கள், தப்பில்லை. எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாறாதீர்கள். முதல் இரண்டு நாள் பழையதில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலை மட்டும் நாளைக்கே நிறுத்திவிடலாம்.

"நிறைய வைத்தால் சீக்கிரம் தேறும்" என்று நானும் ஒரு காலத்தில் நம்பினவள்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் சாக்கடை ஓரத்தில் கிடந்த ஒருவனைத் தூக்கி வந்தேன், மணி என்று பெயர் வைத்தேன். 12 கிலோ இருக்க வேண்டிய உடம்பு 6 கிலோ இருந்தது. அன்று ராத்திரியே ஆட்டெலும்பு சூப்பில் சோறு பிசைந்து, ஈரல் வெட்டிப் போட்டு, மேலே ஒரு கரண்டி நெய்யும் விட்டேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. காலித் தட்டை நக்கி நக்கியே திண்ணை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனான். இன்னொரு தட்டு வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி, பேதி. விடியும்போது எழுந்து நிற்கக் கால் நடுங்கியது. டிரிப் ஏற்றிக்கொண்டே டாக்டர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றுதான் கற்றுக்கொண்டேன். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் வற்றிப் போயிருக்கும். திடீரென்று சோறு உள்ளே போனால் இன்சுலின் பொங்கும். ரத்தத்தில் மிச்சம் இருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும். இதயமும் தசையும் தடுமாறும், உயிரே போகலாம். அப்படிப்பட்ட நாய்க்கு முதல் நாள், மேலே சொன்ன "சும்மா படுத்துக் கிடக்கும்" கணக்கை இப்போதைய எடைக்குப் போட்டு, அதில் கால் பங்குதான். அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். நாலைந்து நாளில் மெல்ல மெல்ல முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் மருத்துவர் பார்வையில். உங்கள் நாய் மூன்று மாதமாகச் சாப்பிட்டு வருகிறது, அதற்கு இந்தப் பயம் இல்லை. நாளைக்கு இன்னொன்றைத் தெருவிலிருந்து தூக்குவீர்கள் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். (மணி பிழைத்தான். இப்போது திருமங்கலத்தில் ஒரு தோப்பு வீட்டில் 13 கிலோ.)

சாப்பிடும் விதத்தையும் கவனியுங்கள். தெருவில் வளர்ந்தது மெல்லாமல் விழுங்கும், பிடுங்கிக்கொள்வார்களோ என்று. சாப்பாட்டை அகலத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் வேகம் குறையும். வீட்டில் வேறு நாய் இருந்தால் வேறு அறையில், கதவைச் சாத்தி. சித்திரை வைகாசி வெயிலில் மத்தியானம் வைத்தால் எந்த நாயும் திரும்பிப் பார்க்காது. விடியற்காலை ஒன்று, பொழுது சாய்ந்த பின் ஒன்று, படுக்கப் போகும் முன் ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடாதவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் வெங்காயம், பூண்டு இரண்டையும் அழுத்திச் சொல்கிறேன். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கனவே ரத்தம் குறைந்த நாய்க்குப் பிரியாணி மிச்சமும் குழம்புச் சோறும் வைப்பது அதன் மேல் இன்னொரு அடி. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் ஆகாது. பிஸ்கட் விஷம் இல்லை, மைதாவும் சர்க்கரையும்தான்; எடை போடும், சதை போடாது. எடை ஏற்றும் டானிக் என்று விற்பதை நான் வாங்குவதில்லை. அந்தக் காசுக்கு எத்தனையோ முட்டை வாங்கலாம்.

எடையை வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் தெருப் பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் ஏற்ற விடுவார்; "அக்கா, இந்த வாரம் நூத்தம்பது கூடிருச்சு" என்று அவரே கணக்கு வைத்திருப்பார். உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், அதாவது உங்கள் நாய்க்கு வாரம் 110 முதல் 220 கிராம் ஏறினால் போதும். மூன்று கிலோ ஏற நாலைந்து மாதம் ஆகும். அவசரப்பட்டால் ஏறுவது தொப்பையாகத்தான் இருக்கும். தினம் இருபது நிமிடம் நடை கூட்டிப் போங்கள், புரதம் சதையாக மாற அது வேண்டும். 13ஐத் தாண்டியதும் தராசைவிட கையை நம்புங்கள். விலா புறங்கை போல ஆன அன்று கூட்டுவதை நிறுத்திவிடலாம். இடையில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, வாந்தி நிற்கவில்லை, மலம் தார் போலக் கறுத்தது, எடை ஏறாமல் இறங்குகிறது என்றால் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உங்கள் அம்மா, ராத்திரிக்குத் தயிர் சாதம் வைக்கலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம், பாலைவிடத் தயிர் நாய் வயிற்றுக்கு ஒத்துப்போகும். வெறும் தயிர் சாதமாக இல்லாமல் அதில் ஒரு முட்டையை உதிர்த்துப் போடச் சொல்லுங்கள். தாளிக்க வேண்டாம். முக்கியமாக வடகம் தாளித்தது கூடவே கூடாது, அதில் இருப்பதே சின்ன வெங்காயமும் பூண்டும்தான்.